மலிவாக வாங்கினால் மட்டும் போதுமா?

மலாக்கா கடையொன்றில் இருப்புத் தீர்க்கும் விற்பனை. 100 ரிங்கிட் புளூடூத் ஒலிபெருக்கி 60-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் 85-க்குப் போட்டால் 25 ரிங்கிட் லாபம் என்று ஜாசின் தோட்டத்துத் தம்பி கணக்குப் போடுவார். விற்பனைத் தளத்தின் கமிஷன், பொட்டலச் செலவு, திரும்பி வரும் ஒன்றிரண்டு பொருள்கள் போக, அதில் பாதி நின்றாலே பெரிது.

பெரிய சிக்கல் உத்தரவாதம்தான். காட்சிக்கு வைத்ததா, பெட்டி பிரித்ததா, உத்தரவாதம் அடுத்தவர் கைக்கு மாறினாலும் செல்லுமா? பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சிரிம் முத்திரை இல்லாத கைப்பேசியைத் தொடவே வேண்டாம். குறையை மறைத்து விற்றால், வாங்கியவர் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போய்விடலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.

தொடர்ந்து விற்கப்போகிறவர்கள், தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. இந்தச் செலவும் தம்பியின் கணக்கில் இல்லை.