கணக்குக் களஞ்சியம்: சாவி யாரிடம்?

செஞ்சிக் கோட்டைக்குள் போனவர்கள் ராஜகிரி மலையடிவாரத்தில் உள்ள தானியக் களஞ்சியத்தைப் பார்த்திருப்பார்கள். தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே இருட்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ராஜாக்களின் வீரம் மீண்டும் பேசப்பட்டது. அந்தக் களஞ்சியத்தை நிரப்பிய குடியானவனைப் பற்றி யார் பேசினார்கள்?

இன்றைய முதலாளிகளும் ஒரு களஞ்சியம் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் நெல் கிடையாது, கணக்குதான் இருக்கிறது. இங்கிலீஷில் அதை 'டேட்டா வேர்ஹவுஸ்' என்கிறார்கள். கடையில் பில் போடும் யந்திரம், ஆலையில் உற்பத்தி காட்டும் யந்திரம், சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிப் பேரேடு. இந்தப் பேரேடுகளிலிருந்து விவரங்களை அள்ளி, பிழை நீக்கி, ஒரே அளவுக்குக் கொண்டு வந்து, வருடக்கணக்காக ஒரே இடத்தில் குவித்து வைப்பதே இந்தக் கிடங்கு. பிறகு முதலாளி கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லும். எந்தச் சரக்கு எந்த மாதத்தில் விற்கிறது? எந்த ஷிப்டில் உற்பத்தி குறைகிறது? இதற்கு 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்', அதாவது வியாபார நுண்ணறிவு என்று பெயர். பெயர் புதிதல்ல. 1958-லேயே ஐ.பி.எம். கம்பெனியின் ஹான்ஸ் பீட்டர் லூன் இதே தலைப்பில் கட்டுரை எழுதிவிட்டார்.

இதன் வல்லமைக்கு ஓர் உதாரணம். 2004-ஆம் வருடம் அமெரிக்காவின் ப்ளோரிடாவை நோக்கி 'பிரான்சஸ்' என்ற புயல் வந்துகொண்டிருந்தது. வால்மார்ட் கம்பெனியார், சில வாரங்களுக்கு முன் வந்த வேறொரு புயலின்போது தங்கள் கடைகளில் என்ன விற்றது என்று கிடங்கைப் புரட்டினார்கள். ஸ்ட்ராபெரி பாப்-டார்ட் என்ற தின்பண்டம் வழக்கத்தைப் போல் ஏழு மடங்கு விற்றிருந்தது. புயலுக்கு முன் அதிகம் விற்ற சரக்கு பீர். உடனே லாரிகள் கிளம்பின. (2024-இல் பெஞ்சல் புயல் நம் விழுப்புரம் ஜில்லாவை மூழ்கடித்தபோது நமக்கு மிஞ்சியது அழுகிய பயிர். புயலிலும் சீசன் பார்க்கிறவர்கள் அவர்கள்!) அதே வால்மார்ட்தான் 2018-இல் நம் நாட்டு பிளிப்கார்ட் கம்பெனியை வளைத்துப் போட்டது.

அமெரிக்கா கிடக்கட்டும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வருவோம். நெல் மூட்டையோடு வரும் சிறு விவசாயிக்கு இன்றைய விலை தெரியும். நேற்றைய விலையும் தெரிந்திருக்கலாம். எதிரே நிற்கும் பெரிய வியாபாரிக்கோ, எந்த வாரத்தில் வரத்து குவியும், எப்போது விலை விழும், கடன் தவணைக்காக விவசாயி எப்போது விற்றே தீருவான் என்பதெல்லாம் அத்துபடி. மண்டிக்காரருக்கு இந்த அறிவு பரம்பரைச் சொத்து என்பது மெய்தான். ஒரு மனிதன் மூளையில் இருந்ததை இப்போது நூறு சந்தைகளுக்கும் பத்து வருடங்களுக்கும் விரிக்கலாம் என்பதுதான் வித்தியாசம். சர்க்கார் 2000 முதல் அக்மார்க்நெட் வழியாகவும், 2016 முதல் மின்னணு தேசியச் சந்தை வழியாகவும் வரத்தையும் விலையையும் வெளியிடுகிறது. நல்ல காரியம். ஆனால் பெரிய கம்பெனியின் கிடங்கில் இருப்பதை யார் வெளியிடுவார்கள்?

ஆலைத் தோழர்களுக்கு விஷயம் இன்னும் நெருக்கமானது. நூற்பு ஆலைகளில் ரிங் பிரேமின் ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் கவனிக்கும் கருவி வந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்களில் எதில் இழை அறுந்தது, எத்தனை நிமிஷம் சும்மா சுற்றியது என்று குறித்துக்கொண்டே இருக்கிறது. அந்த பிரேமில் அன்று நின்ற சைடரின் பெயரையும் அதோடு சேர்த்துவிட்டால் போதும், தொழிலாளியின் தலையில் பழி தயார்!

இழை ஏன் அறுகிறது? பஞ்சு மட்டம்; டிராவலர் தேய்ந்துவிட்டது; ஈரப்பதம் சரியில்லை; வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். இவை அத்தனையும் அதே கிடங்கில் வருடக்கணக்காக எழுதிவைக்கக்கூடிய விவரங்களே. வேகத்தைக் கூட்டிய வாரத்தில்தான் அறுதல் அதிகமானது என்று அந்தக் கணக்கே சாட்சி சொல்லும். சைடரைக் குற்றவாளியாக்கும் ஏடு அவரை விடுவிக்கவும் வல்லது. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தீர்மானிப்பது மட்டும் மானேஜர்.

சட்டம் காப்பாற்றாதா? 2023-இல் பார்லிமெண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான பிரிவுகள் அமலுக்கு வர மேலும் பதினெட்டு மாத அவகாசம். 7-வது பிரிவைப் படியுங்கள். வேலை சம்பந்தமாகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காக்கவும் தொழிலாளியின் விவரங்களை அவன் சம்மதமில்லாமலே கையாளலாம்! தன் விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமை 11-வது பிரிவில் உண்டு. ஆனால் அது சம்மதம் கொடுத்தவருக்குத்தான். சம்மதமே கேட்காமல் எடுத்த கணக்கைப் பார்க்க இந்தச் சட்டத்தில் வழி கிடையாது. எத்தனை சாமர்த்தியம்!

கணக்கைக் கண்டு விவசாயத் தொழிலாளி மிரள வேண்டியதில்லை. நூறு நாள் வேலையை எண்ணிப் பாருங்கள். 2005-ஆம் வருடச் சட்டத்தின்கீழ் மஸ்டர் ரோலும் கூலி விவரமும் இணையதளத்தில் பகிரங்கமாக வந்தன. அதே சட்டம் கிராம சபையின் சமூகத் தணிக்கைக்கும் இடம் கொடுத்தது. வேலைக்கு வராதவர் பெயரில் கூலி எழுதினால் ஊரார் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அதுவும் லட்சக்கணக்கான வரிகள் குவிந்த கிடங்குதான். கூலிக்காரனும் அதைத் திறந்து பார்க்க முடிந்தது. 2025 டிசம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். பட்டியல் பகிரங்கமாகவே நீடிக்கிறதா என்று ஒவ்வொரு கிராம சபையிலும் கேளுங்கள்.

ஆலைச் சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையிலேயே இதை வைக்கலாம். எந்த யந்திரம் தொழிலாளியைப் பற்றி எதைக் குறிக்கிறது என்ற ஜாபிதா வேண்டும். அவரவர் கணக்கின் நகல் அவரவர் கைக்கு வர வேண்டும். வேகம், பஞ்சு, டிராவலர் மாற்றிய தேதி ஆகியவற்றையும் சங்கம் பார்க்காமல் யந்திரக் கணக்கை மட்டும் வைத்து மெமோ கொடுக்கக் கூடாது. கர்நாடக ராஜ்யம் 2025-இல் இயற்றிய சட்டத்தில், சாப்பாடு கொண்டுபோகும் தொழிலாளர் போன்றவர்களை இயக்கும் கம்பெனிகள், தங்கள் யந்திரக் கண்காணிப்பு எப்படித் தீர்மானிக்கிறது என்று தெரிவிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மில் தொழிலாளிக்கு அது ஏன் ஆகாது? நிர்வாகம் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.