உளூவின் ஈரமும் மடிக்கணினியும்



மாதவரத்தில் எங்கள் மதரஸாவிற்கு மாலையில் வரும் மாணவி ஒருத்தி சென்ற வாரம் அழுதுகொண்டே வந்தாள். மடிக்கணினியில் அம்புக்குறி தானாகத் தாவுகிறதாம். "நீதான் கெடுத்தாய்" என்று வீட்டில் அடி. விசாரித்தபோது விவரம் தெரிந்தது. மஃரிபுக்கு உளூச் செய்துவிட்டு, பாங்கு சொல்லும் வரை உள்ள சிறு இடைவெளியில், ஈரக்கையோடு பாடத்தைத் திறந்திருக்கிறாள். உளூவின் நீரைத் துடைத்தால் நன்மை குறையும் என்று நன்னி சொன்னாராம்.

டச்பேட் நம் விரலின் அழுத்தத்தைக் கொண்டு இயங்குவதில்லை. அதன் பரப்பிற்கு அடியில் மெல்லிய மின்முனைகள் வலைபோல் அமைந்துள்ளன. விரல் படும்போது அங்கே மின்தேக்கம் மாறுவதை வைத்தே இடத்தை அறிகிறது. நீரும் வியர்வையும் மின்சாரத்தைக் கடத்துபவை. ஆகவே ஒரு துளியையும் இன்னொரு விரலென்றே அது எடுத்துக்கொள்கிறது. இதில் பிள்ளையின் குற்றம் எங்கே?

நம் பகுதியின் புழுதியையும் சொல்லவேண்டும். மணலிச் சாலையில் ஓடும் லாரிகள் கிளப்பும் தூசி, விரலின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து படலமாகிறது. ஓரத்து இடுக்கில் இறங்கினால் க்ளிக் சிக்கிக்கொள்ளும். கணினியை அணைத்துவிட்டு, இலேசாக நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீரை நேராகத் தெளிக்கலாகாது. மழைக்காலத்திற்கு மலிவான மவுஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆனால் டச்பேட் மேடுதட்டி எழும்பியிருந்தால் காரணம் தூசியன்று. அடியிலுள்ள பாட்டரி உப்பியிருக்கக்கூடும். அது தீப்பிடிக்கும் ஆபத்துடையது. உடனே சார்ஜ் போடுவதை நிறுத்திக் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த மடிக்கணினிகளை, "இலவசம்தானே" என்று மூலையில் போட்ட வீடுகளை நான் அறிவேன். விலையின்றி வந்ததும் அமானிதமே. அதே வீடுகளில், காசு கொடுத்து வாங்கியது பழுதானால் பிள்ளைக்கு அடி விழுகிறது. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை.

துடைப்பது பற்றி: ஷாஃபிஈ அறிஞர்கள் துடைக்காமல் விடுவதைச் சிறந்ததென்றனர், தேவைக்குத் துடைப்பதைத் தடுக்கவில்லை. ஹனஃபி அறிஞர்கள் அதில் குற்றம் காணவில்லை. இதை நன்னியிடம் நானே சென்று சொன்னேன். "அப்படியா ஹஜ்ரத்?" என்றவர், தம் பழைய துவாலை ஒன்றைக் கிழித்து மேசையருகே ஆணியில் மாட்டிவிட்டார்.