நம் முந்திரி, அவர்கள் உப்பு

வெளியூருக்குப் போனால் என்ன பார்ப்பீர்கள்? கோயில், கோபுரம், கடற்கரை, கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் ஓட்டமாய் ஓடிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, ஊரைப் பார்த்தாகி விட்டது!" என்று ரயில் ஏறிவிடுவீர்கள். சாப்பாடோ, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரை. கண் ஊரெல்லாம் சுற்றியது. நாக்கு மட்டும் பெரம்பலூரிலேயே தங்கிவிட்டது! நாக்கை உடன் அழைத்துப் போகாத பிரயாணம் பாதிப் பிரயாணந்தான் என்பது நமது அபிப்பிராயம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் திருச்செந்தூருக்குப் போவதுண்டு. அடுத்த தடவை போகும்போது, ஒரு நாள் முன்னதாகக் கிளம்பித் தூத்துக்குடியில் இறங்குங்கள். "அந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். அரியலூர்ப் பெரியவர்களைக் கேட்டால் ஒரு துயரமான சம்பந்தத்தைச் சொல்வார்கள். 1956 நவம்பர் 23-ஆம் தேதி மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்தது தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்தான். நூற்றுக்கும் அதிகமான உயிர்கள் போயின. ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இன்றைக்கும் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் அரியலூர் வழியாகத்தான் ஓடுகிறது.

துயரம் ஒரு பக்கம் இருக்கட்டும். தின்பண்டச் சம்பந்தமும் ஒன்று இருக்கிறது.

தூத்துக்குடியில் இறங்கியவுடன் ஒரு ரொட்டிக் கடைக்குப் போய் 'மக்ரூன்' கேளுங்கள். சின்னஞ்சிறு கோபுரம் போல, வெள்ளை வெளேரென்று இருக்கும். வாயில் போட்டால் கடிக்க வேண்டியதில்லை, தானே கரைந்துவிடும். அதில் என்ன இருக்கிறது? முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, அவ்வளவுதான். வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்து எடுக்கிறார்கள். (முட்டை தொடாத மாமிகள் கவனிக்கவும்! உங்களுக்குப் பக்கத்திலேயே உடன்குடிக் கருப்பட்டி இருக்கிறது. அதைத் தட்டிப்போட்ட சுக்குக் காப்பிக்கு ஈடு இல்லை.)

ஐரோப்பாவில் இந்தப் பண்டத்துக்குப் பாதாம் பருப்புப் போடுவார்கள். நம் கரையில் அந்த இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டது. முந்திரியும் இந்த மண்ணில் பிறந்ததல்ல. பிரேசில் தேசத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. அதே மரந்தான் இன்று நம் ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் செம்மண் காடுகளில் நிற்கிறது. ஆக, நீங்கள் தூத்துக்குடியில் 'புதுப் பண்டம்' என்று ருசிப்பது உங்கள் வீட்டுக் கொல்லைச் சரக்கேதான்!

மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு. தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அம்மியில் அரைபட்டால்தான் அந்தக் குழம்புக்கு உயிர் வரும். சின்ன வெங்காயம் என்றால் பெரம்பலூருக்குச் சொல்லித் தரவேண்டுமா? ஒரு விஷயம் மட்டும் நினைவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கீழைக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக விட்ட ஓய்வு அது. அந்த நாட்களில் நாட்டுப் படகில் வருகிற மீன்தான். விலை கொஞ்சம் ஏறியிருந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

ராத்திரி புரோட்டாவும் சால்னாவும். கல்லில் விழும் கரண்டிச் சத்தமே உங்களைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

இத்தனையும் சாப்பிட்டாயிற்று. எல்லாவற்றிலும் இருந்த ஒன்றைக் கவனித்தீர்களா? உப்பு! இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தபடி நிற்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது. காலையில் வெயில் ஏறுமுன் ஊருக்கு வெளியே உப்பளங்களைப் போய்ப் பாருங்கள். பாத்தி பாத்தியாக உப்புநீர்; கரையில் வெள்ளைக் குவியல்கள். ஆணும் பெண்ணும் காலை அரிக்கும் அந்த நீரில் நின்று, கண் கூசும் வெளிச்சத்தில் உப்பு வாருகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நாம் வானத்தைப் பார்த்து, "மழையே, வா!" என்கிறோம். அந்த மழை பெய்தால்தான் நம் சோளமும் பருத்தியும் பிழைக்கும். அதே மழை தூத்துக்குடியில் இறங்கினால் பாத்தியெல்லாம் கரைந்துவிடும். உப்பளத்தில் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் கூலி ஏது? அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. நமக்கு நல்ல காலம், அவர்களுக்குப் பஞ்ச காலம்; இரண்டும் ஒரே மேகத்திலிருந்து!

வெங்காயம் விலை விழுந்தால் யார் வயிறு எரியும் என்று நமக்குத் தெரியும். மழை பெய்தால் யார் வீட்டு அடுப்பு எரியாது என்று நாம் யோசித்ததுண்டா? ஓர் ஊரின் சாப்பாட்டை ருசிப்பது இதையும் தெரிந்துகொள்ளத்தான்.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் நம் அரியலூரே கடலுக்கு அடியில் கிடந்ததாம். காரைப் பக்கம் மண்ணைக் கிளறினால் கல்லாய்ப் போன சிப்பிகள் இன்றும் அகப்படுகின்றன. ஆகவே, கடற்கரைக்காரர்கள் நமக்கு அந்நியர் அல்ல. தூரத்து உறவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் கையை வீசிக்கொண்டு போகலாமா? நாலு படி சின்ன வெங்காயம் எடுத்துப் போங்கள். திரும்பும்போது காற்றுப் புகாத டப்பாவில் மக்ரூன் வாங்கி வாருங்கள். புளியோதரை வீட்டிலேயே இருக்கட்டும்!