பெயரை மறைத்தால் கணக்கும் மறையும்!



"கூலி கொடு" என்று ஏழை கேட்டபோது ஆளவந்தார் அஞ்சியதில்லை. "கணக்கைக் காட்டு" என்று அவன் கேட்டபோதுதான் அவர்தம் நாற்காலி ஆடிற்று!

1990ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் அமைப்பு தோன்றியது. 1994 இறுதியில் அது ஊர்தோறும் மக்களைக் கூட்டி, அரசுப் பணிகளின் வருகைப் பட்டியல்களை உரக்கப் படித்தது. வெளிப்பட்டது என்ன? மாண்டவர் பெயரில் கூலி! பணியிடத்தை எட்டியும் பாராதவர் பெயரில் கூலி! கூரையில்லாக் கட்டடம் கட்டி முடிந்ததாகக் கணக்கு! 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாட்கள் மக்கள் அறப்போர் நடத்தினர். அதற்கடுத்த ஆண்டே தமிழகமும், விலக்குகள் மலிந்ததேயாயினும், தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் கண்டது. 2005இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது.

பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில். காரணமின்றிக் காலங்கடத்தும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்ச அளவாக 25,000 ரூபாய் தண்டம். இது எவரும் இட்ட பிச்சையன்று. வெயிலில் அமர்ந்து பெற்ற உரிமை!

அந்த உரிமையின் ஆணிவேரில் இன்று வெந்நீர் ஊற்றிவிட்டனர். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, 2025 நவம்பரில் நடைமுறைப்படுத்தினர். பொதுப்பணியோடு தொடர்பற்ற அல்லது தனிவாழ்வில் தகாது தலையிடுகிற தனிநபர் செய்தியை மறுக்கலாம் என்றது பழைய விதி. தனிநபர் பற்றிய செய்தி என்றாலே மறுக்கலாம் என்கிறது புதிய விதி. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என அங்கே நின்ற வாசகமும் அழிக்கப்பட்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையன்றோ என்பர். 2017இல் உச்சநீதிமன்றம் அவ்வாறு தீர்ப்பளித்தது. நாமும் அதனை வரவேற்கிறோம். ஆனால் அதற்குரிய காவல் பழைய விதியிலேயே இருந்ததே! குடிமகனின் வீட்டுக்குத் திரை வேண்டும்; கருவூலத்துக்குத் திரை எதற்கு?

பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) இருக்கிறதே என்றும் கூறுவர். இருக்கிறது. ஆனால், முதலில் எடை போடுபவர் யார்? கணக்கை வைத்திருக்கும் அதே அலுவலகம்! பூட்டியவர் கையிலேயே சாவி!

எண்ணிப் பாருங்கள். வருகைப் பட்டியலென்பது என்ன? பெயர்களின் வரிசை. ஒப்பந்தக்காரர், பயனாளி, ஒப்பமிட்ட அதிகாரி, எல்லாம் பெயர்களே. பெயரை நீக்கிவிட்டால் மாண்டவன் வாங்கிய கூலியை யார் கண்டுபிடிப்பது?

திருத்தத்தைத் திரும்பப்பெறு என்று மேடைதோறும் முழங்குவோம். முழக்கத்தோடு நில்லாது, கிளைதோறும் மனு எழுதுவோம். போட்ட சாலைக்கும், வெட்டிய குளத்துக்கும், வழங்கிய வீட்டுக்கும் கணக்குக் கேட்போம். மறுத்தால் மேல்முறையீடு, அங்கும் மறுத்தால் மாநிலத் தகவல் ஆணையம். கேட்கப்படாத உரிமை துருப்பிடிக்கும். கேட்கக் கேட்கத்தான் கூர்மை பெறும்.

பணம் மக்களுடையது, கணக்கும் மக்களுடையதே!