சமோசா சங்கமா, அரசியல் சங்கமா?

'ஏசியன் அமெரிக்கன்' என்ற சொல் அரசு கொடுத்ததல்ல, மாணவர்கள் உண்டாக்கியது. 1968இல் பெர்க்லியில் யூஜி இச்சியோகாவும் எம்மா கீயும் ஓர் அமைப்பைத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'ஏசியன் அமெரிக்கன் பொலிட்டிகல் அலையன்ஸ்'. சீனர், ஜப்பானியர், பிலிப்பினோ என்று தனித்தனியாகக் கிடந்தவர்கள் ஒன்றாக நிற்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. வெள்ளையர் ஒட்டிய 'ஓரியண்டல்' என்ற பெயரை அவர்கள் தூக்கியெறிந்தார்கள். இச்சியோகா சிறுவயதில் முள்வேலி முகாமில் இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா அப்படி அடைத்துவைத்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர்.

பெயரில் 'பொலிட்டிகல்' இருப்பதைக் கவனியுங்கள் தோழர்களே. அதே ஆண்டு நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின, லத்தீனோ, ஆசிய மாணவர்கள் சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1969 மார்ச் வரை அது நீடித்தது. அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள், தங்கள் வரலாற்றைப் படிக்க ஒரு தனிப் புலத்தையே பெற்றார்கள்.

இது நமக்கு அந்நியக் கதை இல்லை. காந்தி கொடுத்த 'ஹரிஜன்' வேண்டாமென்று 'தலித்' என்று நிமிர்ந்தவர்கள் நாம். பெர்க்லிக்குப் பக்கத்து ஊரான ஓக்லாந்தில் 1966இல் பிறந்த கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று அங்கே படிக்கப்போகும் நம் பிள்ளைகள் தேடிப்போகும் தெற்காசிய மாணவர் சங்கங்களில் பலவும் தீபாவளி இரவு, பாலிவுட் நடனம், சமோசா என்று முடிந்துவிடுகின்றன. சமோசா மேல் நமக்குக் கோபமில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விதான் உறுத்துகிறது. "ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா பேர் என்ன? நீங்க வெஜ்ஜா?" வெள்ளைக்கார மாணவனுக்கு இது வெறும் அரட்டை. நமக்கு விசாரணை. வீட்டைப் பிரிந்த தனிமைக்கு மருந்து தேடிப்போன இடத்தில், ஊரையும் அப்பா பெயரையும் மறைத்துப் பேச வேண்டுமென்றால் அது யாருடைய சமூகம்?

கேட்டவர்கள் இருக்கிறார்கள். பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் சாதியைச் சேர்த்தது. 2022இல் 23 வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேர்த்தது. இதன் பின்னால் மாணவர்களின் உழைப்பு இருக்கிறது. 2023இல் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய சாதிப் பாகுபாட்டு மசோதாவை ஆளுநர் நியூசம் வெட்டோ செய்து திருப்பி அனுப்பினார். அதை எதிர்த்து முன்வரிசையில் நின்றவை இந்திய வம்சாவளியினரின் சில அமைப்புகள். வெள்ளை இனவெறி என்றால் 'நாமெல்லாம் பழுப்பு நிறத்தவர்' என்பார்கள். சாதி என்றதும் அந்த 'நாம்' காணாமல் போய்விடும்.

அதனால் விலகி நிற்கச் சொல்லவில்லை. சேருங்கள், பொறுப்புக்கு வாருங்கள். சங்கத்தின் விதிகளில் 'இனம், மதம், பாலினம்' என்று எழுதியிருக்கும் வரியில் சாதியைச் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஆண்டு நிகழ்ச்சி நிரலில் ஏப்ரல் 14க்கு ஓர் இடம் கேளுங்கள். அம்பேத்கரே 1913இல் நியூயார்க்கின் கொலம்பியாவுக்குப் படிக்கப்போன ஒரு மாணவர்தானே. என்ன பதில் வருகிறதென்று எங்களுக்கும் எழுதுங்கள்.