ஒன்றரை நிமிஷத்தின் பாஷை

மனித உரிமைக்காகப் போராடுகிறவர்களுக்கு ஐ.நா. சபையில் வாதாடப் பயிற்சி தருகிறார்கள் என்றால் நம் இலக்கிய நண்பர்களுக்குச் சிரிப்பு வருகிறது. ஓலத்தைப் படிவமாக்கும் வித்தை என்கிறார்கள். மகனைப் பறிகொடுத்தவளின் ஒப்பாரியில் இருக்கும் சத்தியம், பத்திக்குப் பத்தி எண் போட்ட அறிக்கையில் செத்துப்போகிறதாம். ஆகவே அறிக்கை போலி. பயிற்சி ஒரு பம்மாத்து. கேட்பதற்கு இது இலக்கியப் பிரக்ஞை மாதிரிதான் இருக்கிறது. எனக்கு வெறும் சோம்பலாகப் படுகிறது.

முதலில் அந்தப் படிவம் என்னவென்று பார்ப்போம். மனித உரிமைப் பேரவை ஒவ்வொரு தேசத்தையும் சில வருஷங்களுக்கு ஒருமுறை பரிசீலிக்கிறது. 2008இல் தொடங்கிய முறை இது. இதற்கு ஒரு தனி அமைப்பு தரும் அறிக்கை 2815 வார்த்தைகளுக்குள் இருக்க வேண்டும். வந்து சேருகிற எல்லா அறிக்கைகளையும் அலுவலகம் 10 பக்கமாகச் சுருக்கிவிடும். பரிசீலனையின்போது தேசங்கள் பேசும்; மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கலாம். முடிவை ஏற்கும் நாளில் அமைப்புகளுக்கெல்லாம் சேர்த்து 20 நிமிஷம். வேறு விவாதங்களில் ஒருவருக்கு ஒன்றரை நிமிஷம் கிடைத்தால் உண்டு. ஆலோசனை அந்தஸ்து பெற்ற அமைப்பின் பெயரில்தான் பேச முடியும்; அந்த அந்தஸ்துக்குச் சிபாரிசு செய்யும் கமிட்டியில் இருப்பவை 19 அரசாங்கங்கள். இந்தச் சந்துபொந்து தெரியாமல் போகிறவள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பயிற்சி என்பது பிரதானமாக இதைத் தெரிந்துகொள்வது. ஈற்றுச் சீர்வரை கணக்குப் பார்க்கும் வெண்பாவில் உணர்ச்சி சாவதில்லை, 2815 வார்த்தைகளில் மட்டும் செத்துவிடும் என்பது என்ன நியாயம்?

இந்தப் படிவத்தின் மதிப்பு நமக்குத் தெரியாவிட்டாலும் அரசாங்கங்களுக்குத் தெரியும். சாவ் ஷுன்லி என்கிற சீனப் பெண்மணி, தன் தேசம் ஐ.நா.வுக்குத் தரும் மனித உரிமை அறிக்கையைத் தயாரிப்பதில் ஜனங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டார். 2013 ஜூனில், பெய்ஜிங்கில் வெளியுறவு அமைச்சகத்தின் முன்னால் மற்றவர்களோடு உட்கார்ந்தார். அதே வருஷம் செப்டம்பர் 14ஆம் தேதி ஜெனீவாவுக்குப் புறப்பட்டவரை விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் போகவிருந்தது ஒரு பயிற்சி வகுப்புக்கு. நம் நண்பர்கள் சிரிக்கிற அதே வகுப்புக்கு. காவலில் வியாதி முற்றி, 2014 மார்ச் 14 அன்று ஆஸ்பத்திரியில் இறந்தார். ஆறு நாள் கழித்துப் பேரவையில் சீனாவின் முறை வந்தபோது, ஓர் அமைப்பு தன் பேச்சு நேரத்தை அவருக்கான மௌனத்துக்குக் கொடுத்தது. சீனப் பிரதிநிதி ஆட்சேபித்தார். மௌனத்துக்கு விதியில் இடமில்லை என்று நெடுநேரம் தர்க்கம் நடந்தது. கடைசியில் மௌனம் தடுக்கப்பட்டது. ஒரு வகுப்புக்கும் ஒரு நிமிஷ மௌனத்துக்கும் ஒரு வல்லரசு இத்தனை பயப்படுகிறது. நம்முடைய எந்தக் கவிதைக்கு அது பயந்திருக்கிறது?

நான் வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். வாயால் புகார் சொல்லிவிட்டுப் போகிறவருக்கும், எழுதிக் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். முதல் ஆளைச் சாயங்காலத்துக்குள் மறந்துவிடலாம். இரண்டாவது ஆள் ஆடிட் வரைக்கும் கூடவே வருவார். 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் ஆர்ஜென்டினாவுக்கு வந்தபோது, புவனஸ் அயர்ஸில் மனுக் கொடுக்க உறவினர்கள் தெருவில் வரிசையில் நின்றார்கள். ஆணையத்திடம் சேர்ந்த புகார்கள் 5000க்கும் மேல். ராணுவ ஆட்சி நாடு முழுக்க தேசப்பெருமை ஸ்டிக்கர்களை ஒட்டிக்கொண்டிருந்த சமயம் அது. வரிசையில் நின்ற தாய்மார்கள் அழத் தெரியாதவர்களா? அழுகைக்கு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ள வந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் கொடுத்தது புகார் மட்டுமில்லை, ஒரு வினைச்சொல்லும்கூட. நான் பி.ஏ. ஆங்கிலத்தில் படித்த இலக்கணப்படி ஒருவன் மறையலாம். ஒருவனை இன்னொருவன் 'மறைய' முடியாது. லத்தீன் அமெரிக்க உறவினர்கள் அந்த இலக்கணத்தைப் பொருட்படுத்தவில்லை. 2006இல் ஐ.நா. நிறைவேற்றிய உடன்படிக்கை அந்தக் குற்றத்தை வரையறுத்தபோது, செய்தவன் அரசின் ஆள் அல்லது அரசின் சம்மதம் பெற்றவன், பிறகு தெரியாது என்று மறுப்பவன் என்று எழுவாயோடு எழுதவேண்டி வந்தது.

தமிழில் இந்தச் சண்டை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இலங்கை அரசு 2016இல் சட்டம் இயற்றி அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இருப்பது 'காணாமற்போன' ஆட்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் உட்கார்ந்த தாய்மார்கள் சொல்வது 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. திருவிழாவில் ஆடு காணாமல் போகும். பிள்ளை அப்படிப் போகவில்லை, யாரோ ஆக்கினார்கள் என்பதுதான் அவர்கள் கட்சி. 'போன'வுக்கும் 'ஆக்கப்பட்ட'வுக்கும் நடுவில் குற்றவாளி நிற்கிறான். சொல்லைப் பற்றி ராப்பகலாகப் பேசும் நம் சிறுபத்திரிகைகளில் இதைப் பற்றி எத்தனை பக்கம் வந்திருக்கிறது?

பயிற்சிகள் எல்லாமே உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. ஐ.நா.வின் ஆறு பாஷைகளில் தமிழ் கிடையாது. ஆகவே, இங்கிலீஷ் தெரிந்த பிரதிநிதி பேசவும், தாய் படத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவும் மட்டும் கற்றுக் கொடுக்கிற வகுப்பு நடக்கலாம். 'ஆக்கப்பட்ட' என்று அவள் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் 'காணவில்லை' என்று மாற்றும்போது அதைத் தட்டிக் கேட்க அவளைத் தயார்செய்யாத வகுப்பு எத்தனை நாள் நடந்தாலும் வீண். அவள் வார்த்தையை அந்த 2815க்குள் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், போகிற வழியில் விமான நிலையத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுவதும்தான் பயிற்சி.

இதில் எழுத்தாளனுக்கு வேலை இருக்கிறது. ஒரு சொல்லின் கனம் தெரிந்தவன், ஒரு வாக்கியத்தில் எழுவாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவன் அந்த வகுப்பில் உட்கார்ந்து மொழிபெயர்க்கலாம். கௌரவக் குறைச்சலான வேலைதான். பெயர் வராது, தொகுப்பு வராது. ஓலத்தின் புனிதம் பற்றிக் கட்டுரை எழுதுவது சுலபம். அதை எழுதியதற்காக யாரையும் விமான நிலையத்தில் நிறுத்துவதில்லை. சிரிக்கிற நண்பர்கள் தங்கள் ஒரு பக்கத்தை 2815 வார்த்தைகளில் பெயர், தேதி, இடம் பிசகாமல் எழுதிப் பார்க்கட்டும். பிறகு படிவத்தைப் பற்றிப் பேசுவோம்.