மலைமேல் விளக்கு, மழலைக் கண்ணில் இருளா?

பார்வதி விளையாட்டாகப் பரமன் கண்ணைப் பொத்தினாளாம், உலகமே இருண்டதாம், அந்தப் பிழை தீரத் திருவண்ணாமலையில் தவமிருந்தாளாம். புராணத்தோடு வாதிட நாம் இங்கே வரவில்லை. கண் மூடினால் உலகு இருளும் என்பதை அந்த ஊர்க் கதையே ஒப்புகிறதே, அது போதும்!

கார்த்திகைதோறும் 2,668 அடி உயர மலைமேல் தீபம் எரிகிறது. இலட்சோப இலட்சம் மக்கள் கண்டு களிக்கின்றனர். அதே மாவட்டத்தில், ஜவ்வாது மலைக் குடிசையொன்றில், மடியில் கிடக்கும் குழந்தையின் கண்மணி பூனைக்கண்போல் வெள்ளையாக மின்னினால், அது விழித்திரைப் புற்றாக இருக்கக்கூடும் என்று தாயிடம் சொல்வார் யார்? 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என வரும் நோய் அது. முளையிலே கண்டால் உயிரைக் காக்கலாம், பார்வையையும் பெரும்பாலும் காக்கலாம். பிந்தினால் கண் போகும். மேலும் பிந்தினால் உயிரே போகும். கோயிலில் கண்மலர் சாத்தும் அந்தத் தாயை நாம் ஏளனம் செய்யோம். வேறு வழி காட்டாதவர்களைத்தான் கேட்கிறோம்.

மருத்துவமனைகள் இல்லையா? உண்டு. 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உண்டு. 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் உண்டு. 1978-இல் டாக்டர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயா உண்டு. கலைஞர் ஆட்சியில் 1972-இல் பிறந்த கண்ணொளித் திட்டம் ஏழையின் கண்புரையை நீக்கிற்று. ஆனால் புரை வந்தோர் ஊருக்கு நூறு பேர். முகாம் போட்டால் முடிந்தது. அரிய நோயாளியோ மாவட்டத்துக்குச் சிலர். முகாம் கணக்கிலும் வரார், வாக்குக் கணக்கிலும் வரார்.

டெல்லி என்ன செய்தது? 2021-இல் அரிய நோய்க் கொள்கை வகுத்தது. முதலில் அறிவித்த எட்டு உயர் மையங்களில் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை! 2022-இல் உதவி வரம்பை 50 இலட்சம் ரூபாய் என்று உயர்த்தினர். தொகை பெரிது, வாசல் தொலைவு.

ஊர்தோறும் உயர் மருத்துவமனை கேட்கவில்லை நாம், அது இயலாது. நோயைக் கண்டுபிடிப்பது ஊரில் நடக்கட்டும். சிகிச்சை பெருநகரில் நடக்கட்டும். இடையிலுள்ள வழியை அரசு ஏற்கட்டும். பிறந்த குழந்தையின் கண்ணில் ஒளிபாய்ச்சிப் பார்க்கக் கிராமச் செவிலியருக்குப் பயிற்சி வேண்டும். 2013 முதல் இயங்கும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனி நாள் வேண்டும். அங்கே எடுத்த விழித்திரைப் படத்தை எழும்பூர் வல்லுநர் அன்றே பார்க்க வேண்டும். ஏறத்தாழ 190 கிலோமீட்டர் பயணத்துக்குப் பேருந்துக் கட்டணத்தோடு, உடன்செல்லும் கூலிக்காரத் தகப்பனின் அன்றாடக் கூலியும் வேண்டும். கூலி போகுமென்று அஞ்சியே பலர் இரண்டாம் முறை போவதில்லை.

இன்னொன்றும் சொல்வோம். மாலைக்கண்ணாகத் தொடங்கிப் பார்வையை மெல்லச் சுருக்கும் பரம்பரை விழித்திரை நோய், மாமன் மகள், அத்தை மகன் மணங்களால் மிகுகிறது. பெண் கொடுக்குமுன் கேட்டறிய மரபியல் ஆலோசகர் ஒருவரையாவது மாவட்டத்தில் அமர்த்துங்கள்.

சிலர்தானே என்று சொல்லித் தட்டிக் கழிப்பது ஆட்சிக்கு அழகன்று. பலருக்குச் செய்வதற்கு வாக்கு கிடைக்கும். சிலருக்கும் செய்வதற்குத்தான் மக்களாட்சி என்று பெயர்.